முற்றத்துச் சிலிப்பர் கட்டையும் முத்திரை குத்திய கடிதமும்

போன மாசியில் ஹப்புத்தளைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். முற்றத்துக்கு இறங்க நான்கு படி. நான்கும் தண்டவாளத்தில் கிடந்த பழைய சிலிப்பர் கட்டை. உச்சி வெயிலில் கட்டையின் வெடிப்புகளில் தார்போலக் கறுப்பாக ஏதோ கசிந்து, குமிழ் குமிழாக நின்றது. அதன்மேல் உட்கார்ந்து விளையாடிய பிள்ளைக்குத் தொடையெல்லாம் எரிச்சல். தாய் மண்ணெண்ணெய் தொட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். பாட்டியோ உடைந்த கட்டைத் துண்டுகளை அடுப்படியில் விறகாக அடுக்கியிருந்தார். ஒரே வீட்டில் மூன்று தவறு. இவற்றை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போன பிறகு, மாக்கல்தெனியவில் தனி வீடுகள் எழுந்தன. மலையகம் எங்கும் ஏழு பர்ச்சஸ் காணியில் வீடு என்ற பேச்சும் வந்தது. தலைமுறை தலைமுறையாக லயக்காம்பிராவில் இருந்தவர்கள் சொந்த முற்றத்தில் படி கட்டவும் பாத்தி போடவும் ஆசைப்படுவது நியாயம். ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று தண்டவாளத்துப் பழைய கட்டையையும் கழித்த கரண்ட் கம்பத்தையும் கொண்டுவந்து போடுவது ஆபத்து.

இவை வெறும் மரம் அல்ல, மருந்து ஏற்றிய மரம். கறுத்து, தார் நாற்றம் அடித்து, ஆணி ஓட்டைகளோடு இருந்தால் அது கிரியோசோட் என்ற நிலக்கரித் தார் எண்ணெய் ஏற்றிய கட்டை. புதிதில் பச்சைச் சாயலோடு இருக்கும் கம்பம் என்றால் பெரும்பாலும் செம்பு, குரோமியம், ஆசனிக் மூன்றும் சேர்ந்த மருந்து ஏற்றியது. மழையிலும் வெயிலிலும் கிடந்தால் அந்தப் பச்சை மங்கிவிடும், மருந்து உள்ளேயே இருக்கும். “இருபது வருஷப் பழசு, எல்லாம் போயிருக்கும்” என்பது பொய்க் கணக்கு. கட்டையின் உள்ளே தங்கிய தார் வெயில் ஏறும்போது இளகி வெளியே வரும். அறுத்த முகத்தில் இன்னும் வேகமாக வரும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2003 முதல் கிரியோசோட் ஏற்றிய மரத்தை வீட்டுக்குள்ளும், விளையாட்டுத் திடலிலும், தோட்டத்து மேசை நாற்காலிக்கும், பயிர்த் தொட்டிக்கும் பயன்படுத்தத் தடை செய்துவிட்டது. அமெரிக்காவில் ஆசனிக் மருந்து ஏற்றிய மரம் வீட்டுப் பாவனையிலிருந்து 2003 இறுதியோடு விலக்கப்பட்டது. நம் பிள்ளைகளின் தோல் மட்டும் இரும்பால் செய்ததா?

கசிவு கண்டால் செய்ய வேண்டியது இது. தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், அழுக்கு கானுக்குள் இறங்கும். கையுறை போட்டு, காய்ந்த மணலையோ மரத்தூளையோ கசிவின்மேல் கொட்டி ஊற விடுங்கள். பிறகு சுரண்டி, தடித்த பொலித்தீன் பையில் கட்டுங்கள். தோலில் பட்டால் மண்ணெண்ணெய் வேண்டாம், பெற்றோல் வேண்டாம். தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாகத் துடைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பட்ட இடத்தில் வெயில் படவிடாதீர்கள், எரிச்சல் கூடும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆபத்து என்றால் 1990க்கு அழையுங்கள்.

எரிக்காதீர்கள். 1980களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கிராமக் குடும்பம் ஆசனிக் மருந்து ஏற்றிய மரத்தை வீட்டு அடுப்பில் எரித்து, எட்டுப் பேரும் நோயில் விழுந்தார்கள். முடி கொட்டியது. ஆசனிக் நெருப்பில் அழியாது. புகையிலும் சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலை மரக்கறிப் பாத்தியில் போட்டால் குடும்பத்துக்கே நஞ்சைப் பரிமாறுகிறீர்கள். மறுபடியும் சொல்கிறேன், அடுப்பில் வைக்காதீர்கள், குளிர்காயவும் எரிக்காதீர்கள்.

மரக்கறிப் பாத்திக்கும் கோழிக்கூட்டுக்கும் பிள்ளைகள் உட்காரும் படிக்கும் இந்தக் கட்டை வேண்டாம். பீலித் தண்ணீர், ஊற்று, கிணறு ஆகியவற்றுக்கு மேற்புறத்தில் வேண்டவே வேண்டாம். சரிவில் மண்ணைத் தாங்கும் சுவராக அடுக்கவும் கூடாது. பதுளை மாவட்டத்தில் சரிவை வெட்டிக் கட்டுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் எழுத்தில் ஆலோசனை கேளுங்கள். வாங்குவதாக இருந்தால் முறைப்படி விற்றதற்கான ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லாத கட்டை திருட்டுச் சொத்தாக இருந்தால், 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச்சொத்துச் சட்டத்தில் நீங்களும் மாட்டக்கூடும்.

சரி, கட்டையைப் போட்டது நீங்கள் அல்ல. தோட்ட நிர்வாகமோ, பாடசாலையோ, பக்கத்து விடுதியோ போட்டது. அப்போது என்ன செய்வது? “தொரைகிட்ட சொன்னோம், ஐயாகிட்ட சொன்னோம்” என்பதுதான் எங்கும் கேட்கும் பதில். வாயால் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது.

கடிதம் எழுதுங்கள். தோட்டம், பிரிவு, கட்டை கிடக்கும் இடம், தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு எத்தனை அடி, எந்தத் திகதியில் கசிவு கண்டீர்கள், யாருக்கு எரிச்சல் வந்தது என்று எழுதி, புகைப்படம் இணையுங்கள். ஒன்று, உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். இன்னொன்று, பிரதேச செயலகத்திலுள்ள சுற்றாடல் உத்தியோகத்தருக்கு. அவர் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் ஆள். மூன்றாவது பிரதேச சபைக்கு. கழித்த கட்டையை எங்கே ஒப்படைப்பது என்று அதில் கேளுங்கள். பதில் வரும்வரை கட்டையை மழை படாத இடத்தில் மூடி வையுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி. ஒரு பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் படி இறங்காதீர்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது.

தண்ணீரில் சந்தேகம் இருந்தால், “தண்ணீரைப் பரிசோதியுங்கள்” என்று பொதுவாக எழுதாதீர்கள். கிருமியை மட்டும் பார்த்து நல்லது என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆசனிக், குரோமியம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். குடிநீரில் ஆசனிக் லீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது.

பதில் வரவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அதே அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். “இந்தத் திகதியில் நான் கொடுத்த முறைப்பாட்டுக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?” இந்த ஒரு கேள்வி போதும். தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

மீரியபெத்தை மலை சரியும் என்று அதிகாரிகள் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது, ஆனால் சனம் அதே லயத்தில்தான் இருந்தது. சொன்னோம் என்று ஒரு பக்கமும், யாரும் சொல்லவில்லை என்று மறுபக்கமும் பேசியது சரிவு முடிந்த பிறகு. தார் சொட்டும் கட்டை மலையைப் போல ஒரே காலையில் விழாது. அதனால்தான் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுகிறோம். விடாதீர்கள். இன்றைக்கே கட்டையைப் படம் எடுங்கள், கடிதம் எழுதுங்கள், முத்திரை வாங்குங்கள். அடுப்படியில் அடுக்கிய துண்டுகளை முதலில் வெளியே எடுங்கள்.