வெளிநாட்டு விருந்துக்குப் போகும் ஆண்கள் பெட்டியில் எதை வைக்க வேண்டும்?

காட்பாடி ரெயில் நிலையத்தில் வெளிநாட்டுப் பயணியை எளிதில் அடையாளம் காணலாம். பெரிய பெட்டி, புதுப் பூட்டு, வழியனுப்ப ஒரு கூட்டம்!

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, வேலூர் ஆகிய ஊர்களின் தோலும் பூட்சும் கடல் கடந்து விலை போகின்றன. சரக்கு போகும் இடத்துக்கு ஆளும் போக வேண்டும் அல்லவா? இத்தாலி நாட்டில் மிலான் நகரில் தோல் கண்காட்சி நடக்கிறது. அதே நாட்டில் ரிவா டெல் கார்டா என்ற ஏரிக்கரை ஊரில் ஆண்டுக்கு 2 முறை காலணிச் சந்தை கூடுகிறது. இவற்றுக்கு வியாபாரிகள் போகிறார்கள். காட்பாடி வி.ஐ.டி.யில் படித்த இளைஞர்கள் வேலைக்கும் மேல்படிப்புக்கும் போகிறார்கள்.

பகலில் கவலை இல்லை. சாம்பிள் காட்டலாம்; விலை பேசலாம். இரவில்தான் வருகிறது வினை. "விருந்துக்கு வாருங்கள்" என்று ஓர் அட்டையை நீட்டுவார்கள். நம்மூர்க் கல்யாண விருந்து என்றால் வேட்டி, சட்டை போதும். அங்கே எந்த உடையில் வர வேண்டும் என்று அட்டையின் அடியிலேயே அச்சடித்திருப்பார்கள்!

அட்டையில் 3 விதம்

"லவுஞ்ச் சூட்" என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். சாதாரண கோட்டு, கால்சட்டை, டை. வியாபார விருந்துகளில் பெரும்பாலும் இதற்கு மேல் கேட்பதில்லை.

"பிளாக் டை" என்றால் கறுப்பு டை என்று அர்த்தம் செய்துகொண்டு, நீளமான கறுப்பு டையைக் கட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. பட்டு மடிப்பு வைத்த கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, பட்டாம்பூச்சி போன்ற சிறிய கறுப்பு "போ" எல்லாம் சேர்ந்ததற்குத்தான் அந்தப் பெயர். இடுப்பில் ஒரு பட்டுப் பட்டையும் கட்டுவார்கள். அதன் பெயர் "கம்மர்பண்டு". எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? இந்துஸ்தானியில் "கமர்" என்றால் இடுப்பு. "பந்த்" என்றால் கட்டு. நம் நாட்டு வெயிலில் உள்கோட்டுப் போட முடியாமல் தவித்த வெள்ளைக்கார அதிகாரிகள் இங்கே கற்றுக்கொண்டு போனது அது!

மூன்றாவது "ஒயிட் டை". பின்னால் வால் தொங்கும் கோட்டு. அரச விருந்து, நோபல் பரிசு விருந்து போன்றவற்றுக்கு மட்டும். இதை வாங்குவது வீண் செலவு. அந்த ஊரிலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

காந்தி பட்ட பாடு

உடை விஷயத்தில் காந்தியடிகளே படாத பாடு பட்டார். 1888-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 18. கப்பலில் கறுப்பு சூட் அணிந்தார். கரை இறங்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்று வெள்ளை பிளானல் உடையைப் பத்திரமாக வைத்திருந்தார். இறங்கிப் பார்த்தால், வெள்ளை உடையில் நின்றவர் அவர் ஒருவர்தான்!

வேறு உடை மாற்றலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. பெட்டிகளையும் சாவிகளையும் ஓர் ஏஜெண்டிடம் ஒப்படைத்திருந்தார். அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமைதான் பெட்டி கைக்கு வரும்! இந்த அவமானத்தை அவர் தமது சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

பிறகு வெள்ளைக்கார கனவானாக மாற ஆசை வந்தது. லண்டனில் நாகரிகத்துக்குப் பேர்போன பாண்டு தெருவில் 10 பவுன் கொடுத்து விருந்து உடை தைத்தார். 19 ஷில்லிங்குக்குத் தொப்பி. தங்கச் சங்கிலிக்கு ஊரில் இருந்த அண்ணனுக்குக் கடிதம். டை கட்டவும் தலை வாரவும் தினமும் கண்ணாடி முன் 10 நிமிடம். இந்த மோகம் சுமார் 3 மாதம்தான் நீடித்தது. உடையில் கவனம் மட்டும் பல ஆண்டுகள் இருந்தது.

அதே காந்தி 1921-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி மதுரையில் அரை ஆடைக்கு மாறினார். 1931-ம் ஆண்டு நவம்பரில் லண்டன் பக்கிங்காம் அரண்மனைக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அழைத்தபோது, அந்த ஆடையோடும் சால்வையோடும்தான் போனார்.

அது காந்திக்கு முடிந்தது. சரக்கு விற்கப் போகிறவருக்கு அவ்வளவு துணிச்சல் வேண்டியதில்லை.

வேட்டி கட்டலாமா?

கட்டலாம். "தேசிய உடையிலும் வரலாம்" என்பது பெரிய விருந்துகளில் பொதுவான வழக்கம். நோபல் விருந்திலும் அந்த அனுமதி உண்டு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-ம் ஆண்டு வால் கோட்டு அணிந்து பரிசு வாங்கினார். 2019-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி அபிஜித் பானர்ஜி வேட்டியும், கழுத்து மூடிய கறுப்புக் கோட்டும் அணிந்து அதே மேடையில் நின்றார். அவரை யாரும் தடுக்கவில்லை.

வேலூர் ஊரிசு கல்லூரியில் படித்த டாக்டர் ராதாகிருஷ்ணனை நினைத்துப் பாருங்கள். ஆக்ஸ்போர்டில் பேராசிரியர், மாஸ்கோவில் தூதர். வெள்ளைத் தலைப்பாகையும் நீண்ட கோட்டும்தான் உலகம் அறிந்த அவர் உருவம்.

வேடிக்கை என்னவென்றால், வேட்டிக்குத் தடை வந்தது உள்ளூரில்தான். 2014-ம் ஆண்டு ஜூலையில், சென்னையில் ஒரு கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டு விழாவுக்கு வேட்டியில் போன ஐகோர்ட்டு நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. சட்டசபையில் பெரும் கொதிப்பு! அடுத்த மாதமே, வேட்டி அணிந்து வருபவரைத் தடுக்கக் கூடாது என்று சட்டம் நிறைவேறியது.

ஒரு யோசனை. கல்யாணத்துக்குத் தைத்த ஷெர்வானி பீரோவில் தூங்குகிறதா? ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் அது இல்லாத வீடு குறைவு. அளவு சரியாக இருந்தால் அதை எடுத்துப் பெட்டியில் வையுங்கள். பிளாக் டை விருந்துக்கு அது போதும். தனியாகச் செலவு செய்ய வேண்டாம். வேட்டி கட்டுகிறவர்கள், குளிருக்கு உள்ளே கம்பளி நீள்கால் அணிவது நல்லது. ஐரோப்பாவில் ஜனவரிக் குளிர் விளையாட்டல்ல.

இவை இருந்தால் போதும்

கருநீலம் அல்லது கரும்சாம்பல் நிறத்தில் ஒரு சூட். பகலில் டை இல்லாமல் போடலாம். இரவில் டையோடு போடலாம். வெள்ளைச் சட்டை 2. அதிகக் கோலம் இல்லாத டை 2. கறுப்பு பெல்ட். நீளமான கறுப்புக் காலுறை. உட்காரும்போது கெண்டைக்கால் தெரியக் கூடாது. வெள்ளைக் காலுறை விளையாட்டுக்கு மட்டும். டை கட்டத் தெரியாதவர்கள் ஊரிலேயே பழகிக்கொள்ள வேண்டும். ஓட்டல் அறையில் நின்று மனைவிக்கு போன் போட்டுக் கேட்டால், அவர் மட்டும் என்ன செய்வார்?

கோட்டையும் ஒரு வெள்ளைச் சட்டையையும் கைப்பெட்டியில் வையுங்கள். பெரிய பெட்டி விமானத்தில் வழி தவறினால், காந்திக்கு நேர்ந்த கதிதான். கோட்டு கசங்கினால், குளியல் அறையில் மாட்டிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்துவிடுங்கள். ஆவியில் சுருக்கம் தளரும்.

பூட்சைப் பார்ப்பார்கள்!

தோல் வியாபாரியை மற்றவர் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, காலை! கயிறு கட்டும் கறுப்பு பூட்ஸ் எந்த விருந்துக்கும் ஏற்றது. பழுப்பு நிறம் பகலுக்கு. மறந்துவிட்டால் அங்கே போய் வாங்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். ஐரோப்பியக் கடையில் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் ஜோடி, ஆம்பூரில் தைத்ததாகவே இருக்கலாம்!

புது பூட்சைப் பயணத்தன்று மாட்டாதீர்கள். 2 வாரம் முன்பே போட்டு நடந்து பழக்குங்கள். பெட்டியில் வைக்கும்போது உள்ளே காலுறைகளைத் திணித்து, துணிப் பையில் போட்டு வையுங்கள். வடிவமும் கெடாது, சட்டையும் கறைபடாது. அங்கே மழையிலோ பனியிலோ நனைந்தால், ஹீட்டர் அருகில் வைக்கக் கூடாது. தோல் வறண்டு வெடித்துவிடும். பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே அடைத்து, காற்றாட ஓர் இரவு விட்டால், காலையில் பாலீஷ் போடத் தயாராக இருக்கும்.