கோழிச் செட்டையைக் காரமாகச் சமைத்தல்

கோழியை அறுத்துப் பங்கிடும்போது செட்டையை விரும்பிக் கேட்போர் சிலரே. தொடையும் நெஞ்சும் விருந்தினருக்கும் வீட்டிலுள்ள பெரியோருக்கும் போய்விட, செட்டையும் கழுத்தும் முதுகும் குழம்பின் அடியிற் கிடந்து அதற்குச் சுவையூட்டுவதுடன் தம் தொழிலை முடித்துக்கொள்கின்றன. ஐக்கிய அமெரிக்காவிலும் நெடுங்காலம் இந்நிலையே இருந்தது. சூப்புக்கு மாத்திரம் உதவுவதெனக் கருதப்பட்ட செட்டையை, நியூயோர்க் மாநிலத்துப் பஃபலோ நகரிலுள்ள உணவகமொன்று 1964ஆம் ஆண்டிற் பொரித்துக் காரச் சாற்றிற் புரட்டிப் பரிமாறிய பின்னரே அங்கு அது தனிப் பதார்த்தமாக மதிப்புப் பெற்றதென்பர்.

உண்மையில், கோழியின் உடலில் காரத்தை நன்கு ஏற்கும் பாகம் செட்டையே. இறைச்சியின் அளவோடு ஒப்பிடுமிடத்து அதன் மேற்பரப்புப் பெரிது. தோலும் தோலின் கீழுள்ள கொழுப்பும் அதில் மிகுதி. மிளகாயின் காரம் கொழுப்பிற் கரைவதாதலின், அது செட்டையில் இலகுவாகப் பற்றிக்கொள்ளுகின்றது. தோட்டத்தில் மிளகாயும் வெங்காயமும், முற்றத்திற் கோழியும் உடைய கமக்காரருக்கு இதற்கு வேண்டிய பொருள்களிற் பெரும்பாலானவை வீட்டிலேயே உள்ளன.

எனினும், காரத்தைப்பற்றித் தவறான எண்ணமொன்று பல வீடுகளில் நிலவுகின்றது. மிளகாயும் புளியும் தாராளமாகச் சேர்ந்தால் இறைச்சியிலுள்ள கிருமிகள் இறந்துவிடும் என்பதே அவ்வெண்ணம். மிளகாயோ, தேசிக்காய்ப் புளியோ, மஞ்சளோ கோழியிறைச்சியிலுள்ள சல்மொனெல்லா, கம்பைலோபற்றர் முதலிய கிருமிகளை நம்பத்தக்கவாறு கொல்வதில்லை. அதனைச் செய்வது நெருப்பின் வெப்பமே. நாவை எரிக்கின்ற கறி நன்றாக வெந்த கறியுமாகும் என்று கொள்ளுதல் ஆகாது. இக்கிருமிகளால் உண்டாகும் வயிற்றோட்டம் வளர்ந்தோரைச் சில நாட்கள் வருத்திவிட்டு நீங்கலாம். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் கருப்பிணிகளுக்கும் அது உயிராபத்தாகவும் முடியலாம்.

கோழியின் வயது

செட்டையைச் சமைக்கும் நேரத்தை நிர்ணயிப்பது கோழியின் வயது. கடையில் விற்கப்படும் இறைச்சிக் கோழி சாதாரணமாக ஐந்து, ஆறு வாரங்களில் அறுக்கப்படுவது. அதன் தசைநார் இளமையானது. 20 முதல் 25 நிமிடங்கள் கொதித்தால் மூட்டுக் கழன்றுவிடும். முட்டையிட்டு ஓய்ந்த வீட்டுக் கோழியின் நிலைமை வேறு. அதன் இறைச்சியையும் எலும்பையும் இணைக்கும் கொலாஜன் என்னும் நார்ப்பொருள் ஆண்டுக்கணக்கில் இறுகியிருக்கும். அது மெல்லமெல்லக் கொதிக்கும்போதே இளகி ஜெலற்றினாக மாறும். இதற்கு ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் வேண்டும்; சிலவேளை அதனிலும் கூடுதலாகலாம். இத்தகைய செட்டையை நேரே எண்ணெயிற் பொரித்தால் கயிற்றை மெல்லுவதுபோலிருக்கும். பொறுமையாக அவித்தாலோ இளங்கோழிக்கு இல்லாத சுவையை அது தரும். கிழக்கோழி உதவாதென்று அற்ப விலைக்கு விற்றுவிடுவோர் இதனைக் கவனித்தல் நன்று.

தானாக இறந்த கோழியையும், தூங்கிவழிந்து நின்ற நோய்க்கோழியையும் எக்காரணங்கொண்டும் சமைத்தல் கூடாது. நோய்க்கு மருந்து கொடுக்கப்பட்ட கோழியாயின், அம்மருந்தின் பொதியிற் குறிப்பிடப்பட்ட விலக்கு நாட்கள் கழியும்வரை அதன் இறைச்சியையும் முட்டையையும் உண்ணலாகாது. ஐயமுள்ளவிடத்துக் கால்நடை வைத்தியரைக் கேட்டறிதல் வேண்டும்.

சுத்தஞ் செய்தல்

வீட்டில் அறுக்கும் கோழியை, கைபொறுக்காத சூடுள்ள, ஆனாற் கொதியாத நீரில் ஒரு நிமிடமளவு அமிழ்த்தி எடுத்தால் இறகு இலகுவாகக் கழலும். கொதிநீரில் இட்டால் தோல் வெந்து, இறகுடன் உரிந்துவரும். செட்டைக்கோ தோலே முக்கியம். சிறு மயிர்களைத் தணலிலே வாட்டி நீக்கலாம். செட்டையின் மடிப்புக்களிலும் நுனியிலும் இறகின் அடிக்குருத்துக்கள் தங்கிநிற்குமாதலால் அவற்றைக் கத்தியின் முதுகாற் சுரண்டி எடுத்தல் வேண்டும்.

துப்புரவாக்கப்பட்டு விற்கப்படும் இறைச்சியைக் குழாய் நீரின் கீழ்ப் பிடித்துக் கழுவுவது பல வீடுகளின் வழக்கம். இதனாற் கிருமி நீங்குவதில்லை. தெறிக்கும் நீர்த்துளிகள் அதனை அருகிலுள்ள பாத்திரங்களுக்கும் மரக்கறிகளுக்கும் கொண்டுசேர்க்கின்றன. கழுவாமற் சமைக்க மனம் ஒப்பாதவர்கள், அகன்ற பாத்திரத்தில் நீர்விட்டு, தெறியாவண்ணம் அலசி, அந்நீரைத் தொலைவில் ஊற்றிவிடலாம். இறைச்சி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் சம்பலுக்கு வெங்காயம் அரிவதே எல்லாவற்றிலும் ஆபத்தானது. கறி கொதிக்கும், சம்பல் கொதிப்பதில்லை. பலகையையும் கத்தியையும் கையையும் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே மரக்கறியைத் தொடுதல் வேண்டும்.

செட்டைக்கு மூன்று துண்டுகள் உண்டு. உடலோடு பொருந்திய பருத்த துண்டு, இரு எலும்புகளைக் கொண்ட நடுத்துண்டு, இறைச்சியற்ற நுனி. மூட்டில் விரலால் அழுத்திப் பார்த்து, எலும்புகள் சந்திக்கும் இடைவெளியிற் கத்தியை வைத்தால் எலும்பு சிதையாமற் பிரியும். கோடரிபோற் கத்தியை ஓங்கி வெட்டினால் எலும்புச் சிம்புகள் கறியிற் கலந்து குழந்தைகளின் தொண்டையிற் குத்தும். நுனிகளை எறிந்துவிடாது, மிளகும் உள்ளியும் தட்டிப்போட்டுச் சூப்புக்கு உபயோகிக்கலாம்.

மிளகாய்

இன்று மிளகாயின்றி இந்நாட்டிற் கறியில்லை. ஆயினும் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் மூலம் 16ஆம் நூற்றாண்டளவில் இப்பகுதிகளுக்கு வந்த பயிர். அதற்கு முன்னர் மிளகும் திப்பிலியுமே காரத்துக்கு உதவின. மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய எம்.ஐ. 1, எம்.ஐ. 2 ஆகிய இனங்களையும் கே.ஏ. 2 என்ற இனத்தையும் கமக்காரர் நன்கறிவர்.

மிளகாயின் காரம் கப்சேசின் என்னும் பொருளால் ஆவது. அது விதையில் உள்ளதெனப் பலர் எண்ணினும், விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தண்டிலேயே பெருமளவில் உண்டாகின்றது. கறிக்கு நிறம் வேண்டும், காரம் அளவாக இருத்தல் வேண்டும் என்போர் செத்தல் மிளகாயைக் கீறி அத்தண்டையும் விதையையும் நீக்கிவிட்டு இடிக்கலாம். கப்சேசின் நீரிற் கரைவது அரிது. எண்ணெயிலும் தேங்காய்ப்பாலிலும் நன்கு கரையும். வெறும் நீரில் மிளகாய்த்தூளை இட்டு அவித்த கறி நுனிநாவைச் சுடுவதும், உள்ளே இறைச்சி சப்பென்றிருப்பதும் இதனாலேயே. காரம் தாங்காமல் அழும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்துப் பயனில்லாததற்கும் காரணம் இதுவே. தயிரோ பாலோ கொடுத்தால் எரிவு தணியும். மிளகாய் இடித்த கையையும் முதலில் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்துப் பின்னர் சவர்க்காரத்தாற் கழுவினால் எரிச்சல் விரைவில் நீங்கும்.

சந்தைக்கு நல்லதை அனுப்பிவிட்டு, ஈரம்பட்டதையும் புள்ளிவிழுந்ததையும் வீட்டுக்கென ஒதுக்கும் வழக்கம் கமக்காரரிடையே உண்டு. மரக்கறியில் இது பெரிதாகத் தீங்கு செய்யாவிடினும் செத்தல் மிளகாயில் மிகவுந் தீங்கானது. நன்கு உலராத மிளகாயிலே பூஞ்சணம் பிடித்து, அஃபிளாரொக்சின் என்னும் நஞ்சு உண்டாகலாம். அது ஈரலைத் தாக்கவல்லது. வறுப்பதாலோ கொதிக்கவைப்பதாலோ அதனைப் போக்க முடியாது. இடித்துத் தூளாக்கிய பின் பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிவதுமில்லை. ஆகவே பழங்களை வெறுந்தரையிற் பரப்பாது, பாயிலோ படங்கிலோ சீமெந்துத் தளத்திலோ பரப்பி, இரவிற் பனிபடாது மூடி, குலுக்கும்போது விதைகள் உள்ளே கலகலவென ஒலிக்கும்வரை உலர்த்துதல் வேண்டும். கருமை படர்ந்த காய்களை வீட்டுக்கும் வைத்துக்கொள்ளாது எறிந்துவிடுதலே முறை.

சமைக்கும் முறை

ஒரு கிலோகிராம் செட்டைக்கு 12 முதல் 15 வரையான செத்தல் மிளகாய், ஒரு மேசைக்கரண்டி மல்லி, ஒவ்வொரு தேக்கரண்டி பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு என்பன போதும். இவற்றை ஒன்றாக வறுத்தல் தவறு. மல்லியும் மிளகும் வெதும்பி மணக்க நேரமெடுக்கும். மிளகாயோ கண்மூடித் திறப்பதற்குள் கருகும். மல்லி முதலியவற்றை முதலில் வறுத்து இறக்கி, சட்டியிலுள்ள சூட்டிலேயே மிளகாயைப் பிரட்டி எடுத்து, எல்லாவற்றையும் உரலிலிட்டுச் சற்றுக் கரகரப்பாக இடித்துக்கொள்ள வேண்டும்.

செட்டைத் துண்டுகளில் இரண்டு தேக்கரண்டி உப்பும் அரைத் தேக்கரண்டி மஞ்சளும் பூசி அரைமணி நேரம் வைத்தபின், மண்சட்டியில் இட்டு, அம்மியில் தட்டிய எட்டுப்பல் உள்ளி, ஒரு துண்டு இஞ்சி, அரிந்த வெங்காயம், கறுவாத் துண்டு, றம்பை, கறிவேப்பிலை என்பவற்றைச் சேர்த்து, துண்டுகள் மூழ்குமளவு இரண்டாம் தேங்காய்ப்பால் விட்டு அடுப்பேற்றலாம். வீட்டுக் கோழியாயின் நெடுநேரம் கொதிக்கவேண்டியிருப்பதால் முதலில் நீரில் அவித்து, இறைச்சி மெதுவான பின்னரே பாலை விடுதல் நன்று. கொதி வந்ததும் விறகை இழுத்து, தீயைத் தணித்து, மூடி அவிக்க வேண்டும். இக்கட்டத்தில் மிளகாய்த்தூள் சேர்க்கலாகாது. வெந்தபின் குழந்தைகளுக்குரிய பங்கை வேறாக எடுத்துவைப்பதற்கும் இது வசதியாகும்.

வெந்ததை அறிவது எவ்வாறு? கோழியிறைச்சியின் நடுப்பாகம் 74 பாகை செல்சியசு வெப்பநிலையை அடைதல் வேண்டும் என்பது விதி. வெப்பமானி இல்லாத அடுப்படியில் நிறத்தை மாத்திரம் பார்த்து முடிவுசெய்தல் பிழையாகலாம். இளங்கோழியின் எலும்பிலிருந்து மச்சை கசிந்து, நன்றாக வெந்த பின்னும் அருகிலுள்ள இறைச்சியைச் சிவப்பாக்குவதுண்டு. வேகாத இறைச்சி வெளுத்துத் தோன்றுவதுமுண்டு. பருத்த துண்டின் மூட்டைத் திருகிப் பார்க்க வேண்டும். அது எதிர்க்காமற் கழன்று, இறைச்சி எலும்பைவிட்டு விலகினால், குறித்த நேரம் நீரில் மூழ்கிக் கொதித்த செட்டையைப்பற்றி ஐயங்கொள்ள வேண்டியதில்லை. நேரே தணலிற் சுடும் செட்டைக்கே கூடுதலான அவதானம் தேவை. அதன் தோல் கரியாகும் வேளையிலும் மூட்டு பச்சையாக இருக்கக்கூடும். அவித்த பின் சுடுதலே பாதுகாப்பானது.

பால் வற்றிக் குழம்பு தடித்ததும் துண்டுகளை வேறாக எடுத்து வைக்க வேண்டும். தாச்சியில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயைச் சூடாக்கி, கடுகு, கறிவேப்பிலை, சிறு வெங்காயம் ஆகியவற்றை வதக்கி, தீயைக் குறைத்து, இடித்த தூளையும் வற்றிய குழம்பில் இரண்டு அகப்பையையும் ஒன்றாக இடுதல் வேண்டும். கொதிக்கும் எண்ணெயில் தூளைத் தனியே கொட்டினால் நொடியிற் கருகிக் கசப்பதோடு, அதன் புகை அடுப்படியில் உள்ளோரை இருமச் செய்யும். எண்ணெய் செந்நிறமாகப் பிரிந்து வரும்போது துண்டுகளையும் எஞ்சிய குழம்பையும் இட்டு, ஒவ்வொரு துண்டிலும் காரம் படியுமாறு பிரட்ட வேண்டும். இறக்கிய பின்னரே தேசிக்காய்ப் புளி விடுதல் முறை. அடுப்பிலிருக்கும்போது விட்டாற் கசக்கும்.

மொறுமொறுப்பை விரும்புவோர், குழம்பு வற்றுமுன் துண்டுகளை எடுத்து, ஈரத்தை ஆற்றி, மிளகாய்த்தூளும் உப்பும் கலந்த அரிசிமாவில் தோய்த்துப் பொரிக்கலாம். கோதுமைமாவிலும் அரிசிமாவே இதற்குச் சிறந்தது. பூச்சு இளகாமல் நெடுநேரம் மொறுமொறுப்பாக நிற்கும்.

வயலுக்குக் கொண்டுசெல்லல்

அரிவி வெட்டுக் காலத்தில் வேலையாட்களுக்கான கறியை விடியற்காலையிற் சமைத்து, பெரிய சட்டியில் மூடி, நண்பகலில் வயலுக்கு அனுப்புவது வழக்கம். மிகவும் அவதானம் வேண்டிய இடம் இதுவே. பெரிய சட்டியிலுள்ள கறி மிக மெதுவாகவே ஆறும். கொதியில் இறவாத சில கிருமி வித்துக்கள் அவ்விளஞ்சூட்டில் முளைத்துப் பெருகும். சமைத்த இறைச்சியைச் சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்தலாகாது. வெயில் கடுமையான வேளையில் ஒரு மணி நேரமே எல்லை. கறியின் மணத்திலோ சுவையிலோ இம்மாற்றம் தெரியாது. காரமான கறியிற் சிறிதும் தெரியாது.

ஆகவே செட்டையை முதல்நாள் மாலை அவிப்பதாயின், ஆழமில்லாத தட்டுக்களிற் பரப்பி விரைவில் ஆறவைத்துக் குளிரூட்டியில் வைக்க வேண்டும். குளிரூட்டி இல்லாத வீட்டில், அன்று காலையில் மிளகாயை வறுத்து இடித்து வைத்துவிட்டு, இறைச்சியை வெட்டி அடுப்பேற்றும் வேலையை நேரம் பிந்தித் தொடங்குதல் நன்று. இளங்கோழிச் செட்டைக்கு ஒருமணி நேரம் போதுமாகையால் இது இயலாத காரியமன்று. சட்டியைத் தணலின்மேல் ஆவி பறக்க வைத்திருந்து, வயலுக்குப் புறப்படும் வேளையில் இறக்கலாம். மீந்ததை மறுபடி சூடாக்கும்போது வெதுவெதுப்பாக்காது, முழுவதும் கொதிக்கவிட வேண்டும். ஆயினும் சில கிருமிகள் உணவில் விட்ட நஞ்சு கொதியிலும் அழியாது. வெயிலில் மாலைவரை கிடந்த கறியைச் சூடாக்கி இராச்சாப்பாட்டுக்கு வைப்பதிலும் பார்க்க எறிந்துவிடுவது மேல்.

இறகையும் குடலையும் வாய்க்காலில் விடாது, கிணற்றுக்குத் தொலைவில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும். வெந்த செட்டை எலும்புகளையும் அக்குழியிலேயே இடலாம். அவை கூராகச் சிம்புபோல உடைவதால் நாய்க்குப் போடுதல் கூடாது.