தீயைச் சுற்றி ஒரு விருந்து



ஆவடியை அடுத்து, விமானப்படை நிலையத்தின் அருகே அமைந்த ஊர் முத்தாபுதுப்பேட்டை. அவ்வூரில் எங்கள் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நாள்தோறும் விடியுமுன் எழுந்து, பூவிருந்தவல்லி வழியாக இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வேலைக்குச் செல்கிறார். ஒரு நாள் மாலை அவர் சற்று வாட்டத்துடன் என்னிடம் வந்தார்.

"ஐயா, எங்கள் தொழிற்சாலையின் கொரிய மேலாளர் எங்களை விருந்துக்கு அழைத்திருக்கிறார். இருமுறை ஏதேதோ சொல்லித் தப்பிவிட்டேன். இம்முறை போகாவிட்டால் அவரை அவமதித்ததாகும். போய் விழித்தாலோ எனக்கு அவமானம். முன்னதாக ஒருமுறை அந்த உணவை உண்டு பார்க்க வேண்டும். தாங்கள் துணைக்கு வருவீர்களா?" என்றார்.

கொரிய நாட்டு விருந்து நம் ஊர்ப் பக்கம் எவ்வாறு வந்தது என்று நீங்கள் கேட்கலாம். ஹூண்டாய் நிறுவனம் 1996-இல் இந்தியக் கிளையைத் தொடங்கி, இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை அமைத்தது. 1998-இல் அங்கிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்தது. உதிரி உறுப்புகள் செய்யும் கொரிய நிறுவனங்களும் உடன் வந்தன. பொறியாளர்கள் குடும்பத்துடன் சென்னையில் குடியேறினர். அவர்களது நாவை நாடி உணவகங்களும் தோன்றின. அத்தகைய உணவகம் ஒன்றுக்கே நாங்கள் இருவரும் ஒரு ஞாயிறன்று சென்றோம்.

மேசையின் நடுவே ஒரு குழி இருந்தது. அதில் கரி கனன்று கொண்டிருந்தது. அதன்மேல் கம்பித் தட்டி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. மேலிருந்து இறங்கிய குழாய் ஒன்று புகையை உறிஞ்சிக் கொண்டது. பணியாள் பச்சை இறைச்சியைக் கொண்டுவந்து வைத்தார். அருகில் ஓர் இடுக்கியும் கத்தரிக்கோலும் வைத்தார். "சமைக்காமலே வைத்துவிட்டாரே!" என்று நண்பர் திகைத்தார். இந்த விருந்தின் சிறப்பே அதுதான். உண்போரே சமைப்போர். இறைச்சியைத் தட்டியில் இட்டு வாட்டி, கத்தரிக்கோலால் துண்டுகளாக வெட்டி, சுடச்சுட உண்பது அவர்கள் வழக்கம்.

இவற்றுள் பெயர் பெற்றது 'புல்கோகி'. கொரிய மொழியில் 'புல்' என்றால் தீ. 'கோகி' என்றால் இறைச்சி. மெல்லிய துண்டுகளைச் சோயாச் சாறு, சர்க்கரை, பூண்டு, எள்ளெண்ணெய், அரைத்த பேரிக்காய் ஆகியவற்றில் ஊறவைத்து வாட்டுகின்றனர். பேரிக்காய் எதற்கு? இறைச்சியின் புரதத்தைச் சிதைத்து மென்மையாக்கும் நொதி அதில் உண்டு. நம் வீடுகளில் ஆட்டிறைச்சி வேகப் பப்பாளிக் காயைச் சேர்ப்பதும் இதே காரணத்தால்தான். எள்ளெண்ணெயும் நமக்குப் புதியதன்று; எள்ளை வறுத்து ஆட்டுவதால் அவர்களது எண்ணெய்க்கு மணம் மிகுதி, அவ்வளவே.

தட்டியில் இட்டதும் இறைச்சி பொன்னிறம் பெற்று மணக்கிறது. நீரில் வேகும் இறைச்சி 100 பாகை வெப்பத்தைத் தாண்டுவதில்லை. ஆதலால் அது வெளிறியே இருக்கும். ஏறத்தாழ 140 பாகைக்கு மேல் புரதக் கூறுகளும் சர்க்கரையும் விரைந்து வினைபுரிந்து, நிறமும் மணமும் தரும் புதுப்பொருள்களை உண்டாக்குகின்றன. இவ்வினையை 1912-இல் விளக்கியவர் மயார் என்னும் பிரெஞ்சு அறிஞர். தோசையின் முறுகலும் இதன் விளைவே. ஆயினும் கருகவிடுதல் கூடாது. கருகிய பகுதி உடலுக்கு நல்லதன்று. பச்சை இறைச்சியைத் தொட்ட இடுக்கியால் வெந்ததை எடுத்தலும் தவறு.

வெந்த துண்டைச் சாலட் கீரை இலையில் வைத்து, பூண்டும் காரச் சாந்தும் சேர்த்து, தாம்பூலம் மடிப்பதுபோல் மடித்து, ஒரே வாயில் இட்டுக்கொள்ள வேண்டும். நண்பர் பாதி கடித்தார். மீதி சட்டையில் விழுந்தது! இரண்டாம் முறை அப்பிழை நேரவில்லை.

சிறு கிண்ணங்களில் பல தொடுகறிகளும் வந்தன; தீரத் தீர மீண்டும் வைத்தனர். அவற்றுள் 'கிம்ச்சி'யின் வாடை நண்பரை முகம் சுளிக்கச் செய்தது. உப்பிட்ட சீன முட்டைக்கோசில் மிளகாயும் பூண்டும் இஞ்சியும் சேர்த்துப் புளிக்கவைத்த உணவு அது. "நம் இட்டலி மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களின் இனமே இதையும் புளிக்கவைக்கிறது. மிளகாயோ நமக்கும் அவர்களுக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி, 16-ஆம் நூற்றாண்டுக்கு முன் அது இங்கும் இல்லை, அங்கும் இல்லை" என்று நான் கூறினேன். அவர் மறுபடி எடுத்துச் சுவைத்தார். குளிர்காலத்துக்கு முன் கொரியர் பலர் கூடிக் கிம்ச்சி செய்து பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை யுனெஸ்கோ 2013-இல் மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இன்று இவ்வளவு இறைச்சியைக் காணும் கொரியாவில், 1950 முதல் 1953 வரை நடந்த போருக்குப் பின் வறுமையே மிகுந்திருந்தது. தென்கொரியாவில் தொழில் வளர்ந்த பின்னரே இவ்விருந்து எளியோர்க்கும் எட்டியது. ஆகையால் ஒருவர் தீயருகே நம்மை அமர்த்தி இறைச்சியை நம் பக்கம் நகர்த்துவதில், வயிறார உண்பிக்கும் அன்பு உள்ளது.

விருந்து முறைகளையும் கேட்டறிந்தோம். மூத்தவர் எடுத்த பின்னரே இளையவர் உண்ணத் தொடங்குவர். பெரியவர் தருவதை இரு கைகளாலும் பெறுவர். இறைச்சியை வாட்டித் தருவதும் பெரும்பாலும் இளையவர் கடமையே. மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ உண்ணாதவர், அதனை முன்கூட்டியே பணிவுடன் சொல்லிவிடலாம். அதில் அவமதிப்பு ஒன்றுமில்லை.

பத்து நாள் கழித்து நண்பர் மலர்ந்த முகத்துடன் வந்தார். விருந்தன்று யாரும் சொல்லுமுன்னரே இடுக்கியை அவர் கையில் எடுத்துக்கொண்டாராம். மேலாளர் தம் கையாலேயே ஓர் இலையை மடித்து அவருக்குக் கொடுத்தாராம். "இப்போது அவரை எங்கள் வீட்டுக்கு அழைக்க வேண்டும். அம்மா கருவாட்டுக் குழம்பு வைக்கலாமா என்று கேட்கிறார். அதன் வாடைக்கு அவர் முகம் சுளித்தால் என் செய்வது?" என்றார்.

"கிம்ச்சிக்கு நீர் செய்ததை அவரும் செய்யட்டும். ஏன், எதற்கு என்று அவருக்கு எடுத்துச் சொல்லும், பிறகு மறுபடி பரிமாறும்" என்றேன்.

நண்பர்களே, அயலார் உணவு நம் நாவுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். அந்தத் தீர்ப்பை நாவுக்கு விடுமுன், அவர்கள் ஏன் அவ்வாறு உண்கின்றனர் என்று ஒருமுறை கேட்டறிவது நம் கடமையாகும்.