மென்பொருள் பதிப்புகளிடையே கோப்புப் பகிர்வு

மென்பொருள் பதிப்புகளிடையே கோப்புப் பகிர்வு என்பது, ஒரே மென்பொருளின் பல பதிப்புகளுக்கும் பொதுவான மூலநிரல் கோப்புகளைத் தனித்தனியே பேணாமல், ஓரிடத்தில் பேணி எல்லாப் பதிப்புகளிலும் பயன்படுத்தும் முறை ஆகும். திறந்த மூல மென்பொருட்கள் பல இயங்குதளங்களுக்கென வெவ்வேறு பதிப்புகளாக வெளிவருவதால், அவற்றின் ஆக்கத்தில் இம்முறை முக்கிய இடம் பெறுகின்றது. ஓரிடத்தில் செய்யப்படும் திருத்தம் எல்லாப் பதிப்புகளையும் சென்றடைவது இதன் நன்மை. ஓரிடத்தில் நேரும் பிழையும் அவ்வாறே சென்றடையும் என்பது இதன் இடர்.

தேவை

பொதுக் கோப்புகளைப் பயன்படுத்துவதற்கான மிக எளிய வழி படியெடுத்தல் ஆகும். ஆயினும், படிகளின் எண்ணிக்கை பெருகும்போது அவற்றுள் எது திருத்தப்பட்டது, எது திருத்தப்படவில்லை என்று அறிவது கடினமாகின்றது. தரவுச் சுருக்கத்துக்குப் பயன்படும் இசட்லிப் நிரலகம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஒரே நினைவகப் பகுதியை இருமுறை விடுவிக்கும் வழு ஒன்று இந்நிரலகத்தில் 2002 ஆம் ஆண்டு கண்டறியப்பட்டு, 1.1.4 பதிப்பில் திருத்தப்பட்டது. கணினியில் நிறுவப்பட்ட ஒரே நிரலகத்தைப் பகிர்ந்து பயன்படுத்திய செயலிகளுக்கு அந்த நிரலகத்தை மாற்றுவதே போதுமானதாக இருந்தது. ஆனால், அதன் மூலநிரலைத் தம்முள் படியெடுத்து வைத்திருந்த மென்பொருட்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே தேடித் திருத்தப்பட வேண்டியிருந்தது.

முறைகள்

கோப்புகளைப் பகிர்வதற்குப் பின்வரும் முறைகள் பரவலாகப் பயன்படுகின்றன.

கிளைகள்: ஒரே களஞ்சியத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு கிளை பேணப்படும். ஒரு கிளையில் செய்த திருத்தம் மற்றவற்றுடன் இணைக்கப்படும். 2005 ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் ஓர் அடையாள எண்ணைக் கொண்டே அதனைச் சேமிக்கின்றது. இதனால், நூறு பதிப்புகளில் மாறாமல் இருக்கும் கோப்பு களஞ்சியத்தில் நூறு தனித்தனிப் பொருட்களாகச் சேமிக்கப்படுவதில்லை.

வெளித்தொடுப்பு: பொதுக் கோப்புகள் தனிக் களஞ்சியத்தில் இருக்கும். மற்றக் களஞ்சியங்கள் அதனைச் சுட்டிக் காட்டும். சப்வெர்ஷன் மென்பொருளின் புறத்தொடுப்புகளும் கிட்டின் துணைக்களஞ்சியங்களும் இவ்வகையின. கிட்டில் இச்சுட்டு ஒரு குறிப்பிட்ட மாற்றத்தையே குறிக்கும். எனவே, பொதுக் கோப்பு மாறினாலும் அதனைப் பயன்படுத்துபவர் சுட்டினைப் புதுப்பிக்கும் வரை பழைய நிலையே தொடரும்.

இணக்க அடுக்கு: பொதுக் கோப்புகள் இயன்றவரை மாற்றப்படாமல் இருக்கும். இயங்குதளங்களுக்கு இடையேயான வேறுபாடுகள் தனி அடைவொன்றில் தொகுக்கப்படும்.

எடுத்துக்காட்டு: ஓப்பன்எஸ்எஸ்எச்

தொலைவிலுள்ள கணினியுடன் பாதுகாப்பாகத் தொடர்புகொள்ள உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச், 1999 டிசம்பரில் வெளியான ஓப்பன்பிஎஸ்டி 2.6 இயங்குதளத்துடன் முதன்முதலாக வழங்கப்பட்டது. இது இரு பதிப்புகளாகப் பேணப்படுகின்றது. ஒன்று ஓப்பன்பிஎஸ்டிக்கு மட்டும் உரியது. மற்றையது லினக்ஸ் முதலிய பிற இயங்குதளங்களுக்குரிய பெயர்ப்புப் பதிப்பு ஆகும். பெயர்ப்புப் பதிப்பின் எண்ணில் 9.8பி1 என்பது போல 'பி' என்னும் எழுத்து சேர்க்கப்படும்.

மூலப் பதிப்பின் கோப்புகளில் செய்யப்படும் மாற்றங்கள் பெயர்ப்புப் பதிப்பின் களஞ்சியத்துக்கு ஒவ்வொன்றாகக் கொண்டுவரப்படுகின்றன. அங்கு ஒவ்வொரு மாற்றத்தின் குறிப்பிலும் அது மூலப் பதிப்பிலிருந்து வந்தது என்பது பதியப்படும். ஓப்பன்பிஎஸ்டியில் உள்ளனவும் பிற இயங்குதளங்களில் இல்லாதனவுமான செயற்கூறுகள் தனி இணக்க அடைவில் வைக்கப்பட்டுள்ளன. இவ்வமைப்பினால் மூலப் பதிப்பின் ஆக்குநர்கள் பிற இயங்குதளங்களின் வேறுபாடுகளால் தடைப்படாமல் நிரலை எளிமையாக வைத்திருக்க முடிகின்றது.

2024 ஆம் ஆண்டின் வழு

ஒரு பயனர் குறித்த நேரத்துக்குள் தம்மை உறுதிப்படுத்தாவிடின், ஓப்பன்எஸ்எஸ்எச் வழங்கி ஒரு குறிப்பலையைப் பெற்று இணைப்பைத் துண்டிக்கும். அவ்வேளையில் நிகழ்வுப் பதிகை எழுதப்படுவது ஓப்பன்பிஎஸ்டியில் பாதுகாப்பானது. அதற்கெனத் தனிச் செயற்கூறு ஒன்று அங்கு 2001 ஆம் ஆண்டிலேயே உருவாக்கப்பட்டிருந்தது. க்னூ சி நிரலகத்தைப் பயன்படுத்தும் லினக்ஸ் கணினிகளில் இதே செயல் நினைவக ஒதுக்கீட்டின் நடுவே குறுக்கிட்டு அதனைச் சிதைக்கக்கூடியது.

இத்தகைய வழு ஒன்று 2006 ஆம் ஆண்டு 4.4 பதிப்பில் திருத்தப்பட்டது. பாதுகாப்பான இயங்குதளங்களில் மட்டும் பதிகை எழுதப்படுமாறு நிரலில் ஒரு நிபந்தனை வரி சேர்க்கப்பட்டது. 2020 அக்டோபரில் பதிகை நிரல் சீரமைக்கப்பட்டபோது அவ்வரி தவறுதலாக நீக்கப்பட்டது. 2021 ஆம் ஆண்டு வெளியான 8.5பி1 பதிப்பு முதல் பழைய வழு மீண்டும் இடம்பெற்றது. குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதனைக் கண்டறிந்தனர். 2024 ஜூலை 1 அன்று வெளியான 9.8பி1 பதிப்பில் இது திருத்தப்பட்டது. உள்நுழையும் உரிமை இல்லாத ஒருவர் கணினியின் முழுக் கட்டுப்பாட்டையும் பெற வழிவகுக்கக்கூடியதாக இருந்ததால், இது கடுமையான வழுவாகக் கருதப்பட்டது. ஓப்பன்பிஎஸ்டி இதனால் பாதிக்கப்படவில்லை.

கருத்தில் கொள்ளவேண்டியவை

இவ்விரு நிகழ்வுகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும், ஒரே கருத்தை உணர்த்துகின்றன. இசட்லிப் நிகழ்வில் பகிராமல் படியெடுத்ததால் திருத்தம் பரவத் தாமதித்தது. ஓப்பன்எஸ்எஸ்எச் நிகழ்வில் பகிரப்பட்ட கோப்பு, ஒரு பதிப்பின் சூழலில் மட்டும் பொருந்தும் எடுகோளை மற்றப் பதிப்புக்கும் கொண்டு சென்றது. எனவே, கோப்பைப் பகிர்வதுடன் அது எத்தகைய சூழலை எதிர்பார்க்கின்றது என்பதும் நிரலிலேயே தெளிவாகக் குறிப்பிடப்பட வேண்டும். பொதுக் கோப்பில் ஒரு நிபந்தனை வரி இருப்பின், அதன் காரணம் அருகிலேயே எழுதப்படுவது நன்று. பொதுக் கோப்பில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும், அதனைப் பயன்படுத்தும் எல்லாப் பதிப்புகளிலும் சோதிக்கப்படுதலும் இன்றியமையாதது. திருத்தப்பட்ட பழைய வழு மீண்டும் தோன்றாமல் காக்க இவையே துணைபுரிகின்றன.

இவற்றையும் பார்க்க

திறந்த மூல மென்பொருள்
பதிப்புக் கட்டுப்பாடு
நிரலகம்
ஓப்பன்பிஎஸ்டி