மாடு இறந்தால் மருத்துவர் குற்றவாளியா?

விருத்தாசலத்துச் சூளையில் ஒரு பீங்கான் சாடி வெடித்தால் உடனே தொழிலாளியைக் குறை சொல்லிவிட முடியாது. மண்ணில் ஈரம் தங்கி ஆவியாயிற்றா, சூடு வேகமாக ஏறியதா என்று ஆராய வேண்டும். சிகிச்சைக்குப் பின் கறவை மாடு இறந்தாலும் இதே முறைதான்.

1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவர்மேல் மாநில மன்றத்திடம் புகார் செய்யலாம். 1992-ஆம் ஆண்டின் தொழில் ஒழுக்க விதிகளை அவர் மீறினாரா என்று மன்றம் பார்க்கும். அவர் தரப்பைக் கேட்காமல் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க இயலாது. பெயர் நீங்கினால் பிழைப்பே போய்விடும் அல்லவா?

இழப்பீடு தருவது மன்றத்தின் வேலையன்று. கட்டணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சையானால் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். ஆகவே மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். புதைக்குமுன் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். புதைத்த பிறகு காரணம் காண்பது அரிது.