பழைய கோழிக்கூடும் புதிய குடியும்

கோழி மிதித்துக் குஞ்சு சாவதில்லை என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆனால், கூடு பழுதுற்றதனாற் கோழியும் குஞ்சும் ஒருங்கே மடிவது ஊர்தோறும் காணும் உண்மையாகும்.

யாழ்ப்பாணத்து வளவுகள் பலவற்றின் கோடிப்புறத்தில், ஒரு காலத்தில் முட்டையும் குஞ்சுமாய்ப் பொலிந்த கூடொன்று, கறையான் அரித்த கால்களுடன் சாய்ந்து நிற்கக் காணலாம். 2023ஆம் ஆண்டில் இலங்கை தன் முட்டைத் தேவைக்காக இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்ய நேர்ந்தது. ஒரு முட்டையை இரு பிள்ளைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் தாய்க்கு, கோடியிற் கிடக்கும் கூட்டைத் திருத்தினால் என்ன என்னும் எண்ணம் எழுதல் இயல்பே. எனினும், புதிய தகரமும் புதிய வலையும் அடித்துவிட்டாற் கூடு புதிதாகிவிடும் என்று கருதலாகாது. கூடு முன்னர் எதனாற் கெட்டது என்பதை அறிந்த பின்னரே சுத்தியலைக் கையிலெடுத்தல் வேண்டும்.

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுக: வெறுங்கூடு தூய கூடு அன்று. கோழியின் குருதியை உறிஞ்சும் சிவப்பு உண்ணி, பகலிற் பலகை இடுக்குகளில் ஒளிந்திருந்து, இரவில் வெளிப்பட்டு, உறங்கும் கோழிமேல் ஏறும். உணவின்றியே பல வாரங்கள், குளிர்ந்த இடங்களிற் பல மாதங்கள்கூட அது உயிர் தாங்கும். கோழிகள் இப்பொழுதும் தங்கும் கூடாயின், இரவில் விளக்குடன் சென்று, அவை அமரும் கொம்பின் அடிப்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கலாம். துணியிற் செந்நிறக் கறை படியுமாயின் உண்ணி குடிகொண்டுள்ளது என்பது உறுதி.

ஆகவே, உக்கிய பலகைகளைக் கழற்றி எரித்துவிடுக. வைரம் பாய்ந்த பனஞ்சலாகைகள் எளிதிற் கறையானுக்கு இரையாகா. அவற்றைச் சுரண்டிக் கழுவி, வெயிலிற் காயவிட்டு, மீண்டும் பயன்படுத்தலாம். பின்னர், வெடிப்புகளெல்லாம் நிரம்புமாறு சுண்ணாம்பு பூசுதல் வேண்டும். சுண்ணாம்பு நீற்றும் வேளையில் அது கொதித்துத் தெறிக்குமாதலின் சிறுவர்களை அண்டவிடலாகாது.

அடுத்தது தரை. ஈரமே கூட்டின் முதற் பகை. எச்சம் ஈரத்துடன் கலந்து அழுகும்போது அமோனியா வாயு எழுந்து, கோழியின் கண்ணையும் சுவாசப்பையையும் புண்படுத்துகின்றது. பழைய மண்ணை ½ அடி ஆழத்திற்கு வெட்டியெடுத்து, சுற்று நிலத்திலும் 6 அங்குலம் உயரக் கல்லிட்டு, வாயிலை நோக்கிச் சிறு சரிவுடன் சீமெந்து பூசி, அதன்மேல் 3 அங்குல உமி பரப்புதல் நன்று. அகற்றிய எச்சத்தை உடனே பயிருக்கு இடின் வேர் கருகும். குழியிலிட்டு மக்கவைத்தால் வாழைக்கு நல்ல பசளையாகும்.

சுவரின் கீழ்ப்பகுதி 1½ அடி அடைப்பாகவும், மேற்பகுதி வலையாகவும் இருத்தல் வேண்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாய் திறந்து இளைத்தே அது உடற்சூட்டைத் தணிக்கின்றது. கூரையை ஒட்டிய திறப்பு வழியே வெப்பமும் தீய வாயுவும் வெளியேற, நம் கோடைச் சூட்டை அது தாங்கும். தகரக் கூரையாயின் மேலே கிடுகு வேய்தல் நலம். கூட்டின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கினால் காலை மாலை வெயில் அதிகம் உட்புகாது. மாரியில் வாடைக்காற்றுடன் சாரல் வருமாதலின், வடபுறத்திற் சுருட்டிக் கட்டத்தக்க கிடுகுத் தட்டி ஒன்று வேண்டும். இவ்வேலைகளை ஆவணி, புரட்டாதி மாதங்களிலேயே முடித்தல் அறிவுடைமை.

கோழிவலை எனக் கடைகளில் விற்கப்படும் மெல்லிய வலை கோழியை உள்ளே வைத்திருக்கும்; மரநாயை வெளியே நிறுத்தாது. கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டப்பெற்ற, ½ அங்குலக் கண்ணுடைய வலையே எலிக்கும் கீரிக்கும் தடையாகும். கீரி நிலத்தைத் தோண்டும். ஆதலாற் கூட்டைச் சுற்றி 1 அடி ஆழத்திற்கு வலையைப் புதைத்தல் வேண்டும்.

மாணவர் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. அதுவும், நம் நாட்டின் தேசியப் பறவையாகிய இலங்கைக் காட்டுக்கோழியும், இரவில் மரக்கிளையில் ஏறியே உறங்கும். வீட்டுக்கோழியும் அப்பழக்கத்தை மறக்கவில்லை. கூட்டில் எது உயர்ந்ததோ அதன்மேலேயே அமர முற்படும். முட்டையிடும் பெட்டி உயரத்தில் இருப்பின் அதிலேயே உறங்கி அதனை அழுக்காக்கும். எனவே கொம்பு மேலும், பெட்டி கீழும் அமைதல் வேண்டும். 6 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட கூடு 8 கோழிகளுக்குப் போதுமானது. ஒரு கோழிக்கு 9 அங்குலமாக, 6 அடிக் கொம்பு ஒன்றில் எட்டும் அமரலாம். பட்டையின் கீழ் உண்ணி ஒளியுமாதலால், கொம்பைப் பட்டை உரித்தே பொருத்துக. பெட்டிகள் இரண்டு போதும்.

புதிய குடிகளை விடுமுன் மிருக வைத்தியரை நாடி, இராணிக்கெட் நோய்க்குத் தடுப்பு மருந்து இடுவித்தல் தவறாத கடமையாகும். ஒரு கோழிக்கு வந்தால் கூட்டையே வெறுமையாக்கவல்ல நோய் அது. அயலிலிருந்து வாங்கிய கோழியை இரு வாரங்களேனும் தனித்து வைத்த பின்னரே ஏனையவற்றுடன் சேர்த்தல் நன்று.

திருத்திய கூடு நன்றா, தீதா என்பதை யார் சொல்வது? முதலில் குனிந்து, கோழி இருக்கும் உயரத்தில் மூச்செடுத்துப் பாருங்கள். கண் கரிக்குமாயின் காற்றோட்டம் போதாது. அதனினும் சிறந்த தீர்ப்பைக் கோழிகளே வழங்கும். பழகிய கோழிகள் பொழுது சாயும் வேளையிற் கூட்டை விட்டு முருங்கை மரத்தில் ஏறுமாயின், அவற்றைத் துரத்திப் பிடித்து அடைப்பதிற் பயனில்லை. உள்ளே உண்ணியோ, புழுக்கமோ, இரவில் வந்துபோகும் பகையோ உண்டு என்று அறிந்து, மீண்டும் விளக்கை எடுத்துக்கொண்டு கூட்டினுள் தேடுவதே முறை.