பாருக்கும் கஞ்சாவுக்கும் அனுமதி கொடுப்பவர்கள் எங்களைக் கேட்டார்களா?

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியால் போகும்போது வருவது பூவரசங்குளம். சந்தி, சில கடைகள், பொலிஸ் நிலையம், அதைத் தாண்டினால் வயலும் குளமும். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களுக்குப் போய் வருவது என் வேலையின் ஒரு பகுதி. கூட்டங்களில் பெரும்பாலும் சுழற்சிக் கடன், கோழிக்குஞ்சு, அஸ்வெசும கிடைக்காதவர்களின் மேன்முறையீடு போன்ற விடயங்களே பேசப்படும். 2025 ஓகஸ்ட் மாதத்துக்குப் பிறகு நடந்த ஒரு கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் இடைமறித்தார்.

"பிள்ளை, கஞ்சாவுக்கு அரசாங்கம் அனுமதி குடுத்திட்டுதாமே, உண்மையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய மகன் கேரளக் கஞ்சாப் பொட்டலம் ஒன்றுடன் பிடிபட்டு விளக்கமறியலில் இருந்து வந்தவன். "அப்ப என்ர பெடியனை ஏன் பிடிச்சவை?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி சிரிப்பதற்குரியதல்ல.

விடயம் இதுதான். மீரிகமவில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் மருத்துவத் தேவைக்காகக் கஞ்சா பயிரிட்டு ஏற்றுமதி செய்ய அனுமதி வழங்கப்பட்டிருப்பதாக அப்போது செய்தி வெளியானது. உள்ளூரில் விற்கவோ புகைக்கவோ அனுமதி இல்லை. 1929 ஆம் ஆண்டின் நச்சு, அபின் மற்றும் அபாயகர மருந்துகள் கட்டளைச் சட்டத்தின்படி கஞ்சாவை வைத்திருப்பதும் விற்பதும் குற்றமே. ஆயுர்வேத மருந்து செய்வதற்கு மட்டும் ஒரு வழி விடப்பட்டிருக்கிறது. அந்த வழியால் 'மதன மோதகம்' போன்றவை பெட்டிக்கடை வரைக்கும் வந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கைக்குப் போன கதையை ஆசிரியைகளாக இருக்கும் வாசகிகள் நன்கறிவர். ஆக, டொலர் கொண்டு வருபவருக்குத் தோட்டம், ஒரு பொட்டலத்துடன் அகப்படும் கூலிக்காரப் பெடியனுக்கு விளக்கமறியல். அந்தத் தாய்க்கு இதை நான் எப்படி விளக்கினாலும் அதில் நியாயம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் முழுமையாகத் தோன்றவில்லை என்பதை எழுதி வைக்கிறேன்.

கஞ்சா நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வதல்ல இக்கட்டுரையின் நோக்கம். இதையெல்லாம் தீர்மானிப்பவர்கள் யாரைக் கேட்டுத் தீர்மானிக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

அமெரிக்காவில் இதே கேள்வி மறுபக்கமாக எழுந்திருக்கிறது. 1969 இல் காலப் நிறுவனம் கருத்துக் கேட்டபோது கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்றவர்கள் 100 பேரில் 12 பேர். 2023 இல் அது 70 பேர். அப்படியிருந்தும் 1970 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஹெரோயினுடன் ஒரே வரிசையில் வைக்கப்பட்ட கஞ்சாவை அந்த வரிசையிலிருந்து எடுக்காமலே வாஷிங்டன் அரை நூற்றாண்டைக் கடத்தியது. தென் டகோட்டா மாநிலத்தில் 2020 இல் மக்கள் வாக்களித்து, 54 வீதத்தினர் ஆம் என்றனர். ஆளுநரின் ஆதரவோடு வழக்குப் போடப்பட்டு, 2021 இல் நீதிமன்றம் அந்த முடிவைச் செல்லாததாக்கியது. புளோரிடாவில் 2024 நவம்பரில் சுமார் 56 வீதத்தினர் ஆம் என்றும் போதவில்லை. அங்கு 60 வீதம் வேண்டும். நாங்கள் வாக்குப் போட்டது எதற்கு என்று அங்குள்ள மக்கள் கோபப்படுகிறார்கள். அவர்கள் கேட்பது நமக்கு உவப்பானதோ இல்லையோ, அந்தக் கோபத்தை வன்னிப் பெண்கள் விளங்கிக்கொள்வார்கள். அவர்கள் திறக்கச் சொல்கிறார்கள், திறக்கப்படவில்லை. நாங்கள் திறக்க வேண்டாம் என்கிறோம், திறக்கப்படுகிறது.

2024 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல். அந்த ஆண்டில் நாடு முழுவதும் 360க்கு மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டிருந்ததாக டிசம்பரில் சபை முதல்வர் பிமல் ரத்நாயக்க பாராளுமன்றத்தில் வெளியிட்டார். அவற்றுள் 16 கிளிநொச்சி மாவட்டத்துக்கு! ஒரு இலட்சத்துச் சொச்சம் மக்களைக் கொண்ட, போரினால் தரைமட்டமாகி மீண்டெழுந்த, பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் நிறைந்த மாவட்டத்துக்கு ஒரே ஆண்டில் 16 அனுமதிப்பத்திரம். அந்தத் தேர்தல் காலத்தில் 'பார் பேர்மிட்' என்ற சொல் அடிபடாத மேடை இல்லை. யார் வாங்கினார், யார் சிபாரிசு செய்தார் என்று ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டினர். வடமாகாணத்தின் முன்னாள் முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரன், தாம் ஒரு பெண்ணுக்காகச் சிபாரிசுக் கடிதம் கொடுத்ததைப் பகிரங்கமாகவே ஒப்புக்கொண்டார். மற்றவர்களில் பலர் மறுத்தார்கள். ஆனால் இந்தச் சண்டை முழுவதிலும், அந்த 16 இடங்களிலும் குடியிருக்கும் பெண்களைக் கேட்டீர்களா என்று ஒரு கட்சியும் இன்னொரு கட்சியைப் பார்த்துக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கேட்காமலே நாங்கள் சொல்லிப் பார்த்த அனுபவமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் வேலை செய்த ஒரு கிராமத்துக்குக் கிட்ட மதுபானசாலை வரப்போகிறது என்று கதை அடிபட்டது. சங்கத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய் மகஜருக்குக் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்து வைக்கத் தெரியாதவர்கள் பெருவிரல் அடையாளம் வைத்தார்கள். குடிக்கிற ஆண்களிலும் சிலர் கையெழுத்து வைத்தார்கள் என்றால் நம்புவீர்களா? "கிட்ட இருந்தா நான் நாசமாப் போயிடுவன் தங்கச்சி" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே ஒப்பமிட்டார். மகஜரை ஓர் அரசியல்வாதியின் கையில் கொடுத்தோம். பெயர் இங்கு வேண்டாம். அவர் எங்களை இருத்தி, தேத்தண்ணி தந்து, "அம்மாமார் பயப்பிடாதேங்கோ, நான் பாக்கிறன்" என்றார். புகைப்படமும் எடுத்தார்கள். அது அவருடைய அலுவலகச் சுவரில் தொங்கியது. கடை திறந்த பிறகு நாங்கள் மறுபடி போனபோது, "இது மேலிடத்து அலுவல், நான் என்ன செய்யிறது?" என்றார். மகஜரின் பிரதி ஒன்றுகூட எங்களிடம் இருக்கவில்லை. கொடுத்ததற்கு அத்தாட்சியாகச் சுவரிலிருந்த அந்தப் படம்தான் மிச்சம்.

அரசியல்வாதிகள் சொல்லும் நியாயம் ஒன்றை ஒதுக்கிவிட முடியாது. பார் இல்லாவிட்டால் கசிப்புக் காய்ச்சுவார்கள், அதைக் குடித்துச் சாவதைவிட முத்திரை ஒட்டிய போத்தல் மேல் என்பதே அது. கசிப்பு எங்கள் பக்கத்தில் பொய்யில்லை. குளக்கட்டுக்குப் பின்னாலும் பற்றைக்காட்டுக்குள்ளும் கோடாவைப் புதைத்து வைத்துக் காய்ச்சுவதும், விதவைப் பெண்களே வயிற்றுப்பாட்டுக்காக அதை விற்று அகப்பட்டுத் தண்டம் கட்டுவதும் நான் நேரில் கண்டவை. கஞ்சாவைத் திறந்துவிடச் சொல்லும் மேல்நாட்டினரின் வாதமும் ஏறக்குறைய இதுதான்: தடை செய்தால் கள்ளச்சந்தை வளரும். சமூகவியல் மாணவியாக இதில் உண்மையிருப்பதை மறுக்கமாட்டேன். ஆனால் எங்கள் ஊர்களில் நடந்தது என்ன? பார் வந்த பிறகு கசிப்பு போய்விட்டதா? இல்லை. கையில் காசிருக்கும் கிழமையில் பார், காசில்லாத கிழமையில் கசிப்பு என்றாகிவிட்டது. சாராயத்தின் வரி ஏற ஏற அவர்கள் கசிப்புக்கே திரும்புகிறார்கள். போயா தினத்தில் கடை பூட்டு என்பதால் முதல் நாள் பின்னேரமே இரண்டு போத்தல் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அந்தப் புனித தினத்தில் அடிவாங்கும் பெண்களின் கதையை யாராவது தனியாக எழுத வேண்டும். 2005 இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. அடிபட்டபின் நீதிமன்றம் போவதற்கு அதில் வழியுண்டு. அடிக்கு முந்திய போத்தலைப் பற்றிப் பேசத்தான் வழியில்லை.

வழி இருந்த ஒரு காலமும் உண்டு. இதை இளம் வாசகிகள் அறிந்திருக்க மாட்டார்கள். 1912 இல் ஆங்கிலேயர் மதுவரிக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்து தவறணைகளைப் பெருக்கியபோது நாடெங்கும் மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. சேனாநாயக்க சகோதரர்கள் பொதுவாழ்வில் பெயர் பெற்றதே அந்த இயக்கத்தால்தான். அதன் அழுத்தத்தால், ஓர் ஊரில் தவறணை வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த ஊரவரே வாக்களித்துத் தீர்மானிக்கும் முறை வந்தது. 1920களில் அந்த வாக்கெடுப்பினால் யாழ்ப்பாணக் குடாநாடு உட்படப் பல இடங்களில் தவறணைகள் மூடப்பட்டன. அந்நியன் ஆண்ட காலத்தில் ஊரைக் கேட்டார்கள். 1931 இல் பெண்களுக்கும் வாக்குரிமை வந்து, அதன்பின் நம்மவர் ஆளத் தொடங்கிய நாட்டில் சிபாரிசுக் கடிதத்தைக் கேட்கிறார்கள்.

அயலிலே ஆந்திராவையும் பார்க்க வேண்டும். 1992 இல் நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டா என்ற கிராமத்தில், முதியோர் எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள் சாராயத்தைப் பற்றிய பாடம் ஒன்றைப் படித்துவிட்டு, எங்கள் ஊரிலும் இதுதானே நடக்கிறது என்று எழுந்தார்கள். சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது மாநிலம் முழுவதும் பரவி, 1993 ஒக்டோபரில் சாராயம் தடை செய்யப்பட்டது. பெண்களின் வாக்கைக் குறிவைத்து வாக்குறுதி கொடுத்த என்.டி. ராமராவ் ஆட்சிக்கு வந்து, 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1997 இல் அவருடைய மருமகன் சந்திரபாபு நாயுடுவின் அரசு வருமானம் போதாதென்று அதை நீக்கியது. அதை நீக்கும்போது தூபகுண்டாப் பெண்களை யாரும் போய்க் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறையாகவும் மது விற்கிறது. 2015 யூலையில் கன்னியாகுமரி மாவட்டத்தில் மதுக்கடையை அகற்றக் கோரி கைபேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிர் நீத்தார். தேர்தல் வந்த 2016 இல் ஜெயலலிதா 500 கடைகளை மூடினார். நெடுஞ்சாலைக் கடைகளை உச்சநீதிமன்றம் அகற்றச் சொன்னபோது அவற்றை ஊர்களுக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அதைத் தடுத்த பெண்களில் ஒருவரை ஒரு பொலிஸ் உயரதிகாரி கன்னத்தில் அறைந்ததைத் தொலைக்காட்சியில் உலகமே கண்டது.

ஏன் கேட்பதில்லை? காசு முதற் காரணம். மதுவரித் திணைக்களம் 2024 இல் திறைசேரிக்குக் கொடுத்தது 200 பில்லியன் ரூபாவுக்கு மேல். அனுமதிப்பத்திரமோ தேர்தல் காலத்தில் நண்பனுக்குக் கொடுக்கக்கூடிய மிக இலேசான சன்மானம். கைமாறினாலும் விலை போகும். அடுத்தது, முடிவெடுக்கும் மேசையில் யார் இருக்கிறார்கள் என்பது. 2024 இல் வன்னித் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களுக்கும் தெரிவானவர்கள் ஆண்களே. உள்ளூராட்சி மன்றங்களில் நான்கிலொரு பங்கு பெண்களுக்கு என்று சட்டமிருப்பதால் பிரதேச சபைகளில் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் மதுபான அனுமதி பிரதேச சபையில் தீர்மானமாவதில்லை. மூன்றாவது காரணத்தைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். கணவன் சொன்ன இடத்தில் புள்ளடி போடும் பெண்ணின் மகஜரை எந்த அரசியல்வாதியும் வாக்காக எண்ணுவதில்லை.

பூவரசங்குளக் கூட்டத்தில் இவ்வளவும் பேசி முடிய இருட்டிவிட்டது. கடைசியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. எங்கள் பகுதியில் யாருக்கு மதுபான அனுமதி கொடுக்கப்பட்டது, அதற்கு எந்த எந்த அதிகாரி என்ன அறிக்கை கொடுத்தார், பாடசாலைக்கும் கோயிலுக்கும் உள்ள தூரம் அதில் எவ்வளவென்று எழுதப்பட்டிருக்கிறது என்று எவரும் எழுத்தில் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பத்தைக் கையில் கொடுக்கும்போது திகதியிட்ட பற்றுச்சீட்டு வாங்க வேண்டும், பிரதி ஒன்றைச் சங்கத்தின் கோப்பில் போட வேண்டும்.

விளக்கமறியலில் இருந்து வந்த பெடியனின் தாய் கேட்டார்: "மீரிகமவில ஆருக்குக் காணி குடுத்தவை எண்டும் கேக்கலாமோ பிள்ளை?"

கேட்கலாம் என்றேன். செயலாளர் குறிப்புப் புத்தகத்தில் இரண்டு கேள்விகளையும் எழுதினார். தமிழில் எழுதிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியது ஒன்று, பிரதேச செயலகத்தில் கையில் கொடுக்க வேண்டியது ஒன்று. யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதில் சிறு வாக்குவாதம் நடந்து, இரண்டு பேர் செவ்வாய்க்கிழமை காலை பஸ்சுக்குப் போவதென்று முடிவானது.